ஓடுகிறவர் தசையில் கொழுப்பு இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 42. பல வருடமாக இங்கிலாந்தில் வேலை. வாரத்துக்கு நாலு நாள் ஓடுவேன், அரை மாரத்தான்களிலும் கலந்துகொள்வதுண்டு. இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் தசை ஆராய்ச்சிக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். தொடையை மரத்துப்போக வைத்து, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். ‘தசைநார்களுக்குள் கொழுப்புத் துளிகள் அதிகம், பெரிலிப்பின் 5 அதிகம்’ என்று முடிவு வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால், தசைக்குள் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் வேலை செய்யாது, சுகர் வரும் என்கிறார்கள். அம்மாவுக்கு சுகர் உண்டு. திருநெல்வேலியில் இருக்கும் தம்பிக்கும் சென்ற வருடம் வந்துவிட்டது. அப்படியானால் நான் ஓடியதெல்லாம் வீணா? இந்தக் கொழுப்பைக் கரைக்க மாத்திரையோ உணவோ உண்டா? ஏதோ ‘கொழுப்பு சேமிப்பு நோய்’ என்று படித்துவிட்டு என் மனைவி வேறு பயந்துபோயிருக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி சதை எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா?

பதில்: நீங்கள் ஓடியது வீணாகவில்லை. அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்பதற்கான அடையாளம்தான் அந்த முடிவு. உங்களுக்கு வந்த தாளில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. முதலாவதைப் பார்த்து நீங்கள் பயந்துவிட்டீர்கள். நான் இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பேன். தசைக்குள் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பது அரைச் செய்திதான். அந்தக் கொழுப்பின் மேல் எந்தப் புரதம் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் மீதி இருக்கிறது. பெரிலிப்பின் 5 அப்படி ஒரு புரதம்.

‘தசையில் கொழுப்பு’ என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு சமாச்சாரங்கள் குழம்பிப்போகின்றன. ஒன்று, தசைநார்க் கட்டுகளுக்கு நடுவே படிவது. ஆட்டுக்கறியில் சிவப்புக்கு இடையே வெள்ளையாகத் தெரிகிறதே, அது. அது முழுக் கொழுப்புச் செல்களால் ஆனது. உங்கள் தாள் சொல்வது வேறு. ஒவ்வொரு தசைநாருக்கும் உள்ளேயே, சுருங்கி விரியும் இழைகளின் இடுக்கில், கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டி இருக்கும் நுண்ணிய துளிகள் அவை. ஒரு துளி பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கு முன்பின்தான் இருக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

நுண்ணோக்கியில் அது எப்படித் தெரியும் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிபடும். எடுத்த சதையை உறையவைத்து, குறுக்காக மெல்லிசாகச் சீவி, ஆயில் ரெட் ஓ என்ற சாயத்தில் நனைப்பார்கள். கொழுப்பு மட்டும் சிவப்பு பிடிக்கும். பார்த்தால் ஒட்டி ஒட்டி அடுக்கிய பல கோணக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு தசைநார். சில கட்டங்களுக்குள் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக இறைந்து கிடக்கும். பக்கத்துக் கட்டத்திலோ அங்கொன்றும் இங்கொன்றும்தான். புள்ளி நிறைந்தவை மெதுவாகச் சுருங்குகிற, சீக்கிரம் களைக்காத முதல் வகை நார்கள். வெறிச்சென்று இருப்பவை வேகத்துக்கும் பளு தூக்கவும் உதவுகிற இரண்டாம் வகை. ஒரே மனிதர், ஒரே தசை, அடுத்தடுத்த நார்கள்! கொழுப்பு தானாக வழிந்து தேங்கியிருந்தால் இப்படிப் பிரிந்து நிற்காது. தேவையுள்ள நார் தனக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்திருக்கிறது.

சேர்த்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரத்தத்திலிருந்து வரும் கொழுப்பு அமிலம் கட்டுப்பாடில்லாமல் செல்லுக்குள் திரிந்தால் சவ்வுகளைச் சேதப்படுத்தும். அதனால் டிஜிஏடி என்ற நொதிகள் அதைக் கையோடு டிரைகிளிசரைடாக, அதாவது மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த எண்ணெயாக, கட்டிவிடுகின்றன. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்விலிருந்து துளி பிறக்கிறது. செய்பின் என்ற புரதம் அந்த இடத்தில் வளையமாக நின்று துளி ஒழுங்காக வளர உதவுகிறது. உள்ளே எண்ணெய், வெளியே ஒற்றை அடுக்குச் சவ்வு. அந்தச் சவ்வின் மேல்தான் நீங்கள் கேட்கிற பெரிலிப்பின் குடும்பம் குடியிருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். முதலாமவரை 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள். அவருக்கு வேலை முக்கியமாகக் கொழுப்புச் செல்களில்தான். தசைநாரில் 2, 3, 4, 5 ஆகியவை இருக்கின்றன. எண் போட்டு அழைக்கும் வழக்கம் 2010-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் 2-ஐ ஏடிஆர்பி என்றும், 5-ஐ ஆக்ஸ்பேட் என்றும் எம்எல்டிபி என்றும் எழுதியிருப்பார்கள். பழைய கட்டுரை கண்ணில் பட்டால் வேறு என்னவோ என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இதில் ஐந்தாமவர்தான் நமக்கு முக்கியம். இதயம், தசை, கல்லீரல் என்று கொழுப்பை எரித்துப் பிழைக்கும் இடங்களில்தான் அது அதிகம். அதன் வேலை புரிய வேண்டுமானால், துளியிலிருந்து கொழுப்பை வெளியே எடுப்பது யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

ரொம்ப நாளைக்கு, ஹார்மோன் சென்சிடிவ் லிபேஸ் என்ற நொதிதான் எல்லாவற்றையும் செய்கிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. நானும் அதைத்தான் படித்துத் தேர்வு எழுதினேன். அந்த நொதியே இல்லாமல் எலிகளை வளர்த்துப் பார்த்தபோது அவை குண்டாகவில்லை. மூன்று கொழுப்பு அமிலங்களில் ஒன்று கழன்று, இரண்டு மிச்சமிருக்கும் டைஅசில்கிளிசரால் அவற்றின் செல்களில் குவிந்தது. அப்படியானால் முதல் அமிலத்தைக் கழற்றுவது வேறு யாரோ. 2004-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ருடால்ஃப் செக்னர் குழு அந்த நொதியைக் கண்டுபிடித்து ஏடிஜிஎல் என்று பெயரிட்டது. அதே ஆண்டு வேறு இரண்டு குழுக்களும் தனித்தனியாக அதே நொதியைக் கண்டுபிடித்தன. ஏடிஜிஎல் முதல் அமிலத்தைக் கழற்றும், பழைய நொதி இரண்டாவதை, மூன்றாவதாக இன்னொரு நொதி கடைசியை. முதல் படிதான் வேகத்தை நிர்ணயிக்கிறது.

ஏடிஜிஎல் தனியாக இருந்தால் மந்தம். சிஜிஐ-58 என்ற துணைப் புரதம் சேர்ந்தால் அதன் வேகம் பல மடங்கு கூடும். ஜி0எஸ்2 என்ற சின்னப் புரதம் ஒட்டிக்கொண்டால் முடங்கிப்போகும். பெரிலிப்பின் 5 என்ன செய்கிறது என்றால், ஏடிஜிஎல்லையும் சிஜிஐ-58-ஐயும் துளியின் மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, ஆனால் ஓய்வு நேரத்தில் இரண்டையும் சேர விடுவதில்லை. நீங்கள் ஓட ஆரம்பித்ததும் அட்ரினலின் ஏறுகிறது, அதன் வழியாக பிகேஏ என்ற நொதி விழித்துக்கொண்டு பெரிலிப்பின் 5-இன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. உடனே பிடி தளர்கிறது, இரண்டும் சேர்கின்றன, கொழுப்பு அமிலம் வெளியே வருகிறது. ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. தசைக்குள் பெரிலிப்பின் 5 பார்ப்பது ஏறக்குறைய அந்த வேலைதான்.

அதோடு முடியவில்லை. இந்தப் புரதத்தின் வால் பகுதி மைட்டோகாண்ட்ரியாவோடு துளியை ஒட்டவைக்கிறது. மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் துளியும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். கழன்று வரும் அமிலம் வழியில் எங்கும் அலையாமல் எரிகிற இடத்துக்கே போய்ச் சேருவதற்கு இந்த ஏற்பாடு உதவுகிறது.

சரி, இந்தப் புரதமே இல்லாவிட்டால்? ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் அப்படி எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். இதயத் தசையில் கொழுப்புத் துளிகளே காணாமல் போயின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ‘கொழுப்பில்லாத இதயம்’ என்று! ஆனால் அமிலம் கட்டுக்கடங்காமல் எரிந்து ஆக்சிஜனேற்றச் சேதம் கூடியது. வயதாக ஆக இதயத்தின் வேலைத்திறன் குறைந்தது. எதிர்ப்பக்கம், ஏடிஜிஎல் இல்லாத எலிகளை செக்னர் குழு வளர்த்தது. அவற்றின் இதயம் கொழுப்பால் நிரம்பி, சீக்கிரமே இறந்துபோயின. கொழுப்பைக் கரைக்க மாத்திரை உண்டா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியிலேயே எனக்கு உடன்பாடில்லை. தசைக்குள் இருப்பதைக் காலி செய்வது நோக்கமாக இருக்கவே கூடாது.

இணையத்தில் நீங்கள் படித்தது முழுப் பொய்யும் அல்ல. 1990-களில் பல ஆய்வுகள், உடலுழைப்பு இல்லாதவர்களிடம் தசைக்குள் கொழுப்பு கூடக் கூட இன்சுலினின் வேலை குறைகிறது என்று காட்டின. அந்த முடிவு பத்திரிகைச் செய்தியாகி, பிறகு யூடியூபாகி, இன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நடுவில் 2001-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் பிரெட் குட்பாஸ்டர் குழு செய்த ஆய்வு மட்டும் யூடியூபுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. தொடர்ந்து நீண்ட தூரப் பயிற்சி செய்பவர்கள், ஒல்லியாக ஆனால் உட்கார்ந்தே இருப்பவர்கள், பருமனானவர்கள், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் என்று பிரித்து, உங்களிடம் எடுத்ததுபோலவே தொடைச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்பவர்களின் தசையில் நீரிழிவுக்காரர்களுக்குக் குறையாத கொழுப்பு இருந்தது. ஆனால் இன்சுலின் மிக நன்றாக வேலை செய்தது அவர்களிடம்தான். விளையாட்டு வீரர் முரண் என்று இதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

இந்த முரணுக்கு எனக்குத் தெரிந்து மிக அழகான விளக்கம் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு 2018-இல் தந்தது. பயிற்சி செய்பவர்களிடம் துளிகள் சின்னதாக, எண்ணிக்கையில் அதிகமாக, முதல் வகை நார்களின் உட்புறத்தில், பெரிலிப்பின் 5 பூசியபடி இருந்தன. நீரிழிவு உள்ளவர்களிடம் துளிகள் பெரிதாக, இரண்டாம் வகை நார்களில், நாரின் வெளிச்சவ்வை ஒட்டி இருந்தன. இன்சுலின் வந்து கதவைத் தட்டும் இடம் அந்த வெளிச்சவ்வுதான். மொத்த அளவை மட்டும் அளந்திருந்தால் இந்த வித்தியாசம் எதுவுமே தெரிந்திருக்காது. சின்னத் துளிகளில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதே அளவு எண்ணெய்க்கு மேற்பரப்பு அதிகம், நொதிகள் உட்கார இடம் அதிகம்.

துளி ஏன் கெடுதல் செய்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. பாதி உடைந்த டைஅசில்கிளிசரால் தேங்கி, புரத கைனேஸ் சி வகை நொதி ஒன்றைக் கிளப்பி, இன்சுலின் சைகையை மறிக்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஆனால் ஓட்டக்காரர்களின் தசையிலும் டைஅசில்கிளிசரால் குறைவில்லாமல் இருப்பதாக 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. செராமைடு என்ற இன்னொரு கொழுப்பைக் கைகாட்டுபவர்களும் உண்டு. எனக்கென்னவோ, ஒரு மூலக்கூறைக் குற்றவாளியாக்குவதைவிட, உள்ளே வருவதும் எரிவதும் ஈடாக இருக்கிறதா என்று பார்ப்பதே சரி என்று படுகிறது. உங்கள் தசையில் துளிகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் சுருங்கி, சாப்பிட்டு ஓய்வெடுக்கும்போது மறுபடி நிரம்புகின்றன. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகம் இருக்கிறதே, அதில்தான் தசைக்குள் இருக்கும் கொழுப்பு அதிகம் செலவாகும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தபோது, பெரிலிப்பின் 2-உம் 5-உம் பூசிய துளிகளே குறைந்தன, பூச்சில்லாதவை ஏறக்குறைய அப்படியே இருந்தன என்று பிரிட்டிஷ் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் 1999-இல், தெற்காசிய ஆண்களையும் ஐரோப்பிய ஆண்களையும் ஒப்பிட்டுக் கெண்டைக்கால் தசைக்குள் இருக்கும் கொழுப்பை எம்ஆர் கருவியால் அளந்தார்கள். தெற்காசியர்களிடம் அதிகம் இருந்தது. ஆனால் ஐரோப்பியர்களிடம் அந்த அளவுக்கும் இன்சுலின் திறனுக்கும் இருந்த நேரடித் தொடர்பு, தெற்காசியர்களிடம் தெளிவாகத் தெரியவில்லை. தசைக் கொழுப்பை அளக்கும் ஸ்கேன் பேக்கேஜ் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களுக்கும் தம்பிக்கும் வேண்டியது சாதாரணப் பரிசோதனைகள்தான்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு. நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அம்மாவுக்கும் தம்பிக்கும் இருப்பதால் நீங்கள் வருடம் ஒருமுறை கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடுகிறவருக்கு சுகர் வரவே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது.

தம்பிக்கு நல்ல செய்தி இருக்கிறது. உட்கார்ந்தே இருந்த இளைஞர்களை ஆறு வாரம் சைக்கிள் பயிற்சி செய்யவைத்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு நீண்ட நேர மிதமான பயிற்சி, இன்னொரு குழுவுக்கு இடைவெளி விட்டுவிட்டுக் குறுகிய வேகப் பயிற்சி. இரண்டு குழுவிலும் தசையில் பெரிலிப்பின் 2-உம் 5-உம் கூடின. துளிகளின் கொழுப்பும் பயிற்சியின்போது கூடுதலாகச் செலவானது. இது தசை கற்றுக்கொள்கிற விஷயம், அதற்கு வருடக்கணக்கு வேண்டாம். தம்பி பாளையங்கோட்டையில் சைக்கிள் மிதித்தாலும் இதே கதைதான். ஒன்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசி அளவைச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவழியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

உணவு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துளியைக் கரைக்கும் உணவு என்று ஒன்று கிடையாது. கொள்ளு ரசம் ருசிக்காகக் குடியுங்கள். ஜிம்களில் ‘ஃபேட் பர்னர்’ என்று விற்கும் பொடிகளில் பெரும்பாலும் காஃபீன்தான் வேலை செய்கிறது. ஓடுகிறவருக்கு நெஞ்சு படபடப்பைத் தவிர அதனால் கிடைப்பது குறைவு.

இனி உங்கள் மனைவி படித்த நோய். அது உண்மையான நோய்தான், ஆனால் மிக அரிது. ஏடிஜிஎல்லை உருவாக்கும் மரபணுவில் பழுது இருந்தால் துளியைத் திறக்க முடியாமல் தசை முழுக்கக் கொழுப்பு நிறைந்துவிடும். 2007-இல் இந்த மரபணுத் தொடர்பு உறுதியானது. பெரும்பாலும் இளமை கடந்த வயதில் தோளும் கையும் பலவீனமாகும். மேல் அலமாரியிலிருந்து பாத்திரம் இறக்க முடியாது, தலை சீவக் கை தூக்க முடியாது. பலருக்கு இதயமும் பாதிக்கப்படும். சிஜிஐ-58-இன் மரபணு பழுதானால் வேறு மாதிரி: பிறந்ததிலிருந்தே தோல் வறண்டு செதில் செதிலாக இருக்கும், கல்லீரலில் கொழுப்பு சேரும். சனாரின்-டார்ஃப்மன் நோய் என்று அதற்குப் பெயர். இரண்டுமே தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களில் மருத்துவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகூட வேண்டாம் என்பது எனக்கு எப்போதுமே ஆச்சரியம். விரல் நுனி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டுப் பார்த்தால், வெள்ளை அணுக்களுக்குள் குமிழ் குமிழாகக் காலி இடங்கள் தெரியும். கொழுப்பு இருந்து கரைந்துபோன இடங்கள் அவை. தசை நோயுள்ள இரண்டு சகோதரர்களின் ரத்தத்தில் ஜோர்டன்ஸ் என்ற மருத்துவர் இதை 1953-இலேயே எழுதி வைத்தார், ஏடிஜிஎல் என்ற பெயர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பு. அரை மாரத்தான் ஓடி முடிக்கிற உங்களுக்கு இந்த நோய் இருக்க வாய்ப்பே இல்லை என்றுதான் சொல்வேன். மனைவியின் மனநிம்மதிக்காக வேண்டுமானால் சிகே என்ற தசை நொதியைப் பார்க்கலாம். ஆனால் நீண்ட ஓட்டம் ஓடிய மறுநாள் பார்க்காதீர்கள், ஓட்டத்தாலேயே அது ஏறியிருக்கும், அப்புறம் அதை வைத்து இன்னொரு பயம் ஆரம்பிக்கும்.

இரண்டாவது முறை சதை எடுக்கத் தாராளமாகப் போங்கள். முதல் முறை எடுத்ததற்கு முந்தைய இரண்டு நாளும் எப்படிச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு ஓடினீர்கள் என்று நினைவிருந்தால் அதேபோல இருங்கள். துளிகளின் அளவு இதையெல்லாம் பொறுத்து மாறும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு குறையும், இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தாலோ கூடும். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடுத்த இடத்தில் சில நாள் கன்றிப்போய் வலிக்கும். காயம் ஆறும்வரை நீச்சல் வேண்டாம். இந்த முறை முடிவு தரும்போது மொத்த அளவை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், எந்த வகை நாரில், சவ்வை ஒட்டியா உள்ளேயா, துளிகள் பெரிதா சின்னதா என்று கேளுங்கள். பெரிலிப்பின் பார்க்கத் தெரிந்த ஆய்வகத்தில் பெரும்பாலும் இதையும் சேர்த்துத்தான் அளந்து வைத்திருப்பார்கள்.